குளிர் கசியாத அறை

வாங்க சம்பந்தி, வாங்க. செருப்பை உள்ளயே விடுங்க, வெளிய விட்டா திரும்பப் போடும்போது கால் பொத்துப்போயிடும், அப்படிக் காயுது. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. சுகந்தியும் குழந்தையும் உள்ள ரூம்ல தூங்கறாங்க. இப்பதான் பால் குடிச்சுட்டு கண் அசந்துது. எழுப்பறேன், எழுப்பறேன், எங்க போயிடப் போறாங்க. முதல்ல மோரைக் குடிங்க. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. அவதான் போன் பண்ணியிருப்பா. கட்டிலுக்குக் கீழ பை கூட கட்டி வச்சிருக்கா, அப்பன் பார்க்கலைன்னு நினைப்பு. "மாமா, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னு அழுதிருப்பா. பெத்த அப்பன் வீட்டுலேருந்து தப்பிச்சுப் போறதுக்கு மாமனாரைக் கூப்பிடற பொண்ணை நான் இப்பதான் பார்க்கறேன். தலைப்பிரசவம் சம்பந்தி. மூணாம் மாசம் முடியணும், நாள் பார்க்கணும், சீர் வச்சு நானே கொண்டுவந்து உங்க வாசல்ல விடணும். அதுதானே முறை? நடுவுல, கத்திரி வெயில்ல, இன்னும் தலை நிக்காத பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போனா தெருவுல நாலு பேர் என்ன கேப்பான்? சிகாமணி வீட்டுல சோறு போடலையான்னு கேப்பானா மாட்டானா?

உங்களைக் குறை சொல்லல. உங்க மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு, அது உங்களுக்கே தெரியும். ஆனா ஆரணியில உங்க வீட்டுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ். மத்தியானத்துல அது இறக்கற சூட்டுல பெரியவங்களே சுருண்டு படுக்கணும். இங்க அப்படியா? இந்த வேலூர்ல, இந்த வெயில்ல, சத்துவாச்சாரி பூராவும் தேடினாலும் இப்படி ஒரு ரூம் கிடைக்காது. ஒரு துளி குளிர் வெளிய கசியாது. ஒரு துளி. அப்படி ஒரு ரூமை விட்டுட்டுப் போறேங்கறா. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, போறதா இருக்கறதான்னு. உங்க வார்த்தைக்கு அவ கட்டுப்படுவா. என் வார்த்தைக்குத்தான் இந்த வீட்டுல யாரும் கட்டுப்பட்டது கிடையாது.

எனக்குக் குளிரைப் பத்தி யாரும் பாடம் நடத்த வேணாம் சம்பந்தி. என் சர்வீஸ் முழுக்கக் கோல்டு ஸ்டோரேஜ். கல்யாணத்தப்பவே சொல்லியிருப்பேன். சும்மா கேட்டுல உக்காந்து பேர் எழுதற வேலை இல்ல, சேம்பர் மேனேஜர். புளி, மிளகாய், தனியா, உருளைக்கிழங்கு எல்லாம் வரும். ஒரு வருஷத்துப் புளியைக் கொண்டுவந்து வச்சுட்டு அடுத்த வருஷம் எடுப்பாங்க, அன்னைக்கு உரிச்ச மாதிரி செவசெவன்னு இருக்கும். எப்படி? கதவுதான். குளிரை உண்டாக்கறது மெஷின் வேலை, எவன் பட்டனை அமுக்கினாலும் அது பண்ணும். உண்டான குளிரைக் காப்பாத்தறதுதான் மனுஷன் வேலை. சுவத்துல ஒரு நூல் அளவு வெடிப்பு இருந்தாப் போதும், அந்த வழியா சூடு உள்ள வரும், அதோட ஈரமும் வரும், மெஷின் ராப்பகலா ஓடிச் சாகும். லோடுமேன் ஒருத்தன் கதவைத் திறந்து வச்சுட்டு பீடி பத்த வச்சான்னு அன்னைக்கே அவனை நிறுத்தினவன் நான்.

உருளைக்கிழங்கு மட்டும் வேற ஜாதி. அதை எல்லாருக்கும் பார்த்துக்கத் தெரியாது. புளி செத்த சாமான், மூட்டையில கிடக்கும். உருளைக்கிழங்கு உசுரு. அது மூச்சு விடும் சம்பந்தி, சிரிக்காதீங்க, நிஜமாத்தான். மூட்டை மூட்டையா அடுக்கி அடைச்சு வச்சா, உள்ள இருக்கற நல்ல காத்தை அதுவே இழுத்து முடிச்சுடும். அப்பறம் அதுக்கு மூச்சு முட்டும். அதனால அந்தச் சேம்பருக்கு மட்டும் தினமும் வெளிக்காத்து விடணும், கொஞ்ச நேரமாவது. குளிர் போனாப் போகட்டும்னு விடணும். விடலைன்னா வெளியில பார்க்கறப்ப ஒரு பழுதும் தெரியாது, தோல் வழவழன்னு இருக்கும், வெட்டினா நடு நெஞ்சு கறுத்துக் கிடக்கும். எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் அப்படி ஒரு சேம்பரையே கெடுத்துட்டுப் போனாரு. என் காலத்துல ஒரு கிழங்கு கறுத்ததுன்னு ஒருத்தன் சொல்லட்டும், பார்ப்போம்.

சரி, வீட்டுக்கு வர்றேன். ரிட்டயர் ஆன வருஷம் வந்த கத்திரியில அம்சவேணி சமையல்கட்டுலயே மயங்கி விழுந்துட்டா. அவ உடம்பு கொஞ்சம் பூசின உடம்பு, உங்களுக்குத்தான் தெரியுமே, வெயில் வந்தா கழுத்தெல்லாம் வேர்க்குரு, பவுடரைக் கொட்டிக்கிட்டே இருப்பா. அன்னைக்கு அவ முகத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டே, ஊரான் வீட்டுப் புளிக்கெல்லாம் குளிர் காட்டினேன், கட்டினவளை வேக விட்டுட்டேனேன்னு அழுதேன். மறுநாளே ஏசி வாங்கினேன். அவளுக்காகத்தான் வாங்கினேன். அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

மாட்டறதுக்கு வந்தவன் மாட்டிட்டுப் போயிட்டான். ரூம் எப்படி இருக்குன்னு அவனுக்கு என்ன கவலை? எங்க அப்பா கட்டின வீடு, சன்னலுக்கு மேல மூணு வென்டிலேட்டர், சதுரம் சதுரமா, குருவி வந்து கூடு கட்டும். கதவுக்குக் கீழ விரல் போற சந்து. இப்படி வச்சுக்கிட்டு ஏசி போட்டா தெருவுக்குத்தான் குளிர் அடிக்கும். நான் இறங்கினேன். மூணு வென்டிலேட்டரையும் செங்கல் வச்சு அடைச்சுப் பூசினேன். சன்னல் கண்ணாடி ஓரம் பூரா சிலிக்கான் பசை இழுத்தேன், அந்தத் துப்பாக்கி மாதிரி இருக்குமே, அதால. கதவுக்குச் சுத்திலும் ரப்பர் பட்டை, சேம்பர் கதவுக்கு அடிக்கிற அதே பட்டை. கீழ சந்துக்கு என் பழைய வேட்டியைக் கிழிச்சு மணல் போட்டுத் தச்சு நீளமா ஒரு திண்டு. அம்சா அதைப் பார்த்துட்டு, "ஏங்க, பாம்பு மாதிரி வாசல்ல படுத்திருக்கு"ன்னா. கிண்டல்தான் அவளுக்கு.

ஒண்ணு தெரியுமா சம்பந்தி, ஏசி வெளியிலேருந்து நல்ல காத்தை உள்ள கொண்டாருதுன்னு படிச்சவங்களே நினைச்சுக்கிட்டிருக்காங்க. கிடையாது. வெளிய தொங்குதே பெட்டி, அது உள்ள இருக்கற சூட்டைத்தான் வெளிய தள்ளும். காத்து ஒரு சொட்டு உள்ள வராது. உள்ள இருக்கற காத்தையே இழுக்கும், குளிர்விக்கும், விடும். திரும்ப அதையே இழுக்கும். அதே காத்துதான் சுத்திச் சுத்தி வரும். நாம அடைச்சு வச்சது அடைச்ச மாதிரியே இருக்கும். அதனாலதான் சொல்றேன், அடைப்பு சரியா இருந்தா இந்த மெஷினை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் அந்த ரூம்ல படுக்கறதில்ல. எனக்கு ஆகாது. சேம்பருக்குள்ள போய்ப் போய் வந்த உடம்பு, முட்டியெல்லாம் குளிர் ஏறிப் போச்சு. நான் இந்தக் கூடத்துலதான், தோ இந்த சன்னலைத் திறந்து போட்டு, இந்த ஃபேனுக்குக் கீழ. நல்ல ரூமை அவளுக்குக் குடுத்துட்டு நான் வெளிய படுத்தேன். அதுக்கு அவ என்ன சொல்லணும்? காலையில எழுந்து வந்து, "தலை பாறாங்கல்லா கனக்குதுங்க"ன்னு சொல்லுவா. தினமும் இதே பாட்டு. தூங்கி எழுந்தவ தூங்காதவ மாதிரி கொட்டாவி விட்டுக்கிட்டு நிப்பா. "மூச்சு முட்டுது, அந்தச் சன்னலை ஒரு விரல்கடை திறந்து விடறேன்"னு கேப்பா. ஒரு விரல்கடை திறந்தா என்ன ஆகும்னு நான் அவளுக்குப் பொறுமையா விளக்குவேன். அவ தலையை ஆட்டுவா. அப்பறம் பாயைச் சுருட்டிக்கிட்டு கூடத்துக்கு வந்துடுவா. நான் பாயை உள்ள கொண்டுபோய்ப் போடுவேன்.

டாக்டர்கிட்ட காட்டாம இருந்தேன்னு நினைக்காதீங்க. காட்டினேன். இழுப்பு மாதிரி இருக்கு, இருதயமும் கொஞ்சம் பலவீனம், காத்தோட்டமா இருக்கணும்னு சொன்னாரு. நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஏசியில ஃபேன் வேகத்தைக் கூட்டி வச்சேன், நேரா அவ முகத்துக்கு அடிக்கிற மாதிரி.

அப்பறம்தான் அந்த ஓட்டை ஆரம்பிச்சுது. சன்னல்ல இடது கைப்பக்கம், கீழ் மூலை. சிலிக்கான் பிஞ்சிருந்துது, ஒரு மொச்சைக்கொட்டை போற அளவு. பல்லி கொத்தியிருக்கும்னு நினைச்சு அடைச்சேன். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா அதே இடம். அடைச்சேன். மறுபடியும். ஒரு நாள் மத்தியானம் மோர் கொண்டுபோய்க் குடுக்கலாம்னு கதவைத் திறக்கறேன், அம்சா தரையில மண்டி போட்டு உக்காந்து அந்த மூலையில வாயை வச்சுக்கிட்டிருக்கா. கையில கொண்டை ஊசி. என்னைப் பார்த்ததும் ஊசியைத் தலையில சொருகிக்கிட்டு, "ஒண்ணுமில்லைங்க, தெருவுல யாரு போறாங்கன்னு பார்த்தேன்"னா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நான் அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதை அவளே உக்காந்து குடையறா. "உனக்கு என்னடி குறை"ன்னு கேட்டேன். "குறை ஒண்ணும் இல்லைங்க"ன்னா. நீங்களே சொல்லுங்க, குறை இல்லைன்னு அவ வாயாலயே சொன்னா.

அவ போனதும் ஒரு மத்தியானம்தான். நான் வெளிய போயிருந்தேன், பென்ஷன் விஷயமா. வந்து பார்த்தா அந்த மூலையில சன்னலுக்குக் கீழ சாஞ்சு உக்காந்திருக்கா. தூங்கறான்னுதான் நினைச்சேன். கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன், ஜில்லுன்னு இருந்துது, ரூமும் ஜில்லுன்னுதானே இருக்கு, அதனால எனக்கு ஒண்ணும் தோணல. கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருந்தேன் சம்பந்தி. ஆபீஸ்ல அலைய விட்ட கதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன்.

இருதயம்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. கதவைப் பூட்டிட்டுப் போனேன்னு கூட அவ அண்ணன் வீட்டுல பேச்சு. யார் சொன்னாலும் நம்பாதீங்க. நான் பூட்டல. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. ரப்பர் பட்டை அடிச்சதுல கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் பலமா ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்.

என்ன சம்பந்தி, ஏன் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க? தூங்கட்டும். நீங்க உக்காருங்க. இன்னும் கொஞ்சம்தான்.

அவ போன நேரம் சதயம். உங்க பக்கமும் உண்டே, சதயத்துல போனா அடைப்பு, அந்த ரூமை ஆறு மாசம் மூடிப் போடணும். பொணத்தை வாசல் வழியா எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அவ அண்ணன் கன்னியப்பன்தான் முன்னாடி நின்னாரு. "சுவத்தை இடிச்சு அந்த வழியாத்தான் என் தங்கச்சியை எடுக்கணும்"னாரு. இடிக்கறதுக்கு வேற இடமே இல்லையா? ரூமுக்குப் பின்சுவர், நான் வெடிப்பு பார்த்துப் பார்த்துப் பூசின சுவர். கடப்பாரையால ரெண்டே குத்து, காத்து குபுகுபுன்னு உள்ள வருது. எல்லாரும் ஒப்பாரி வைக்கிறாங்க, நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கிட்டு நிக்கறேன். பாடை போற அகலம். முருங்கை மரம் தெரியுது, அடுத்த வீட்டுக் கொடியில காயற துணி தெரியுது. அவ தலைமாட்டுல வச்சிருந்த விளக்கு அந்தக் காத்துல ஆடுது. அவ முந்தானை பறக்குது. ஒரு கிழவி, யாரோ தூரத்து உறவு, "பாரு, இப்பதான் தாயி முகம் தெளிஞ்சிருக்கு"ன்னு சொன்னா. செத்தவ முகம் எப்படித் தெளியும்?

கொத்தனார் ஏழுமலையைத் தயாரா வரச் சொல்லியிருந்தேன். "இன்னைக்கே வேணாங்க, நாளைக்குப் பால் தெளிச்சுட்டு வந்து அடைச்சுக்கலாம், அதுவரைக்கும் திறந்து கிடக்கட்டும், அதுதான் வழக்கம்"னு அவன் இழுத்தான். ராத்திரி பூரா ஒரு வீட்டுச் சுவத்தைத் திறந்து போடறதா? நான் பாலாத்தங்கரையில கொள்ளி வச்சுட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள செங்கல் வச்சு அடைச்சுப் பூசி முடிச்சிருந்தான். கன்னியப்பன் அதைப் பார்த்துட்டு என்கிட்ட பேசறதையே விட்டுட்டாரு.

அந்த ஆறு மாசமும் ரூம் அடைச்சே கிடந்துது. சாயங்காலம் மட்டும் திறந்து விளக்கு வச்சுட்டு மூடிடுவேன். அப்பதான் சுவத்துல அது தெரிய ஆரம்பிச்சுது. முதல்ல மேல மூணு சதுரம், வென்டிலேட்டர் இருந்த இடம், ஈரமா, கறுப்பா. பெயிண்ட் அடிச்சேன். திரும்ப வந்துது. அப்பறம் பின்சுவத்துல பெருசா ஒண்ணு, பாடை போன அளவுக்கு. அதுக்கும் அடிச்சேன். பெயிண்ட்காரன் தண்ணி ஊறுதுங்கறான், எங்கிருந்து ஊறும், மேல தொட்டியா இருக்கு? நான் எதை எதை அடைச்சேனோ அது அதை மட்டும் யாரோ விரலால கோடு போட்டுக் காட்டற மாதிரி இருக்கு. எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா வாயைத் திறக்கல. பொண்ணு வயித்துப்பிள்ளைக்காரி, சொன்னா பயந்துடுவான்னு அடக்கி வச்சுக்கிட்டேன்.

அடைப்பு கழிஞ்சு வீட்டைக் கழுவி, ரூமுக்குப் புதுசா வெள்ளையடிச்சு, சிலிக்கான் எல்லாம் பிச்சுப் போட்டுப் புதுசா இழுத்துத்தான் சுகந்தியைக் கூட்டிட்டு வந்தேன். நீங்களும் பார்த்தீங்களே, வளைகாப்பு முடிஞ்சு விட வந்தப்ப. "ஊட்டி மாதிரி இருக்குங்க"ன்னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளை பொறந்து ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அந்த ரூமுக்குத்தான் வந்துது. கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் காலையில பார்க்கறேன். சன்னல்ல இடது கைப்பக்கம், கீழ் மூலை. மொச்சைக்கொட்டை அளவு.

அடைச்சேன். திரும்ப வந்துது. அடைச்சேன். திரும்ப. கதவுக்குக் கீழ வைக்கிற திண்டை நான் சரியா வச்சுட்டுப் போவேன், வந்து பார்த்தா ஓரமா ஒதுங்கிக் கிடக்கும். அம்சாவும் அப்படித்தான் காலால தள்ளி விடுவா. அதே மாதிரி, அதே பக்கம்.

சுகந்திகிட்ட ஜாடையாக் கேட்டேன். "ராத்திரியில அம்மா ஞாபகம் வருதாம்மா"ன்னேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. அப்பறம் தலையிலேருந்து ஊசியை உருவி என் முன்னாடி காட்டி, "அப்பா, அம்மா இல்ல. நான்தான் குத்தினேன். எனக்கு உள்ள மூச்சு முட்டுது. குழந்தைக்கும் மூச்சு முட்டுது. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு இப்பதான் தெரியுது"ன்னு சொல்லிட்டு உக்காந்து அழறா. எனக்குப் பாவமா இருந்துது. சின்னதுலேருந்தே அவ அப்படித்தான். ஊறுகா ஜாடியை அம்சா போட்டு உடைச்சுட்டா, நான் திட்டிடுவேன்னு, "நான்தான்பா உடைச்சேன்"னு முன்னாடி வந்து நிப்பா, இவ்வளவு உயரம் இருக்கறப்ப. தாயைக் காப்பாத்த எந்தப் பொய்யும் சொல்லுவா. செத்தப்பறமும் தாயை விட்டுக் குடுக்க மாட்டேங்கறா பாருங்க. அவ மாதிரி பொண்ணு கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்.

நான் நிச்சயமாத்தான் பேசறேன். ஊகம் இல்ல. போன வாரம் நானே கண்டுபிடிச்சேன். சுகந்தி குளிக்கப் போனா, பிள்ளையைப் பார்த்துக்கச் சொன்னா. அன்னைக்குக் காலையிலதான் அந்த மூலையை ரெண்டு பூச்சு பூசியிருந்தேன். பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, கட்டில்ல உக்காந்தேன். அந்த ரூம்ல அப்படிச் சாத்திக்கிட்டு நான் உக்காந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துது. அப்பறம் கொட்டாவியா வருது. தலை கனக்குது. யாரோ பின்னாலேருந்து கையைப் போட்டு நெஞ்சை அமுக்கற மாதிரி இருக்கு. பிள்ளையைப் பார்க்கறேன், அது வாயைத் திறந்து வச்சுக்கிட்டு வேகமா மூச்சு வாங்குது. எழுந்து கதவை இழுக்கறேன். ஒரு கையில பிள்ளை, ஒரு கையால இழுத்தா வரல. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சு நிறுத்தற மாதிரி, வரவே இல்ல சம்பந்தி. கத்தலாம்னா சத்தம் வெளிய கேக்காது, நான் பண்ணின அடைப்பு அப்படி. பிள்ளையைக் கட்டில்ல போட்டுட்டு ரெண்டு கையாலயும் இழுத்தேன். அப்பறம்தான் வந்துது.

வெளிய வந்து இந்த ஃபேனுக்குக் கீழ விழுந்தேன். பயந்தேன்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூச்சு திரும்பி வந்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அம்சாதான். வேற யாரு? அதே தலைக்கனம், அதே கொட்டாவி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளே, அதே இடம். அவ சொன்னது ஒண்ணு ஒண்ணையும் என் உடம்புல நடத்திக் காட்டிட்டுப் போறா. வருஷம் ஆகப்போகுது சம்பந்தி, அவ என்னைத் தொட்டு.

கன்னியப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். தங்கச்சி இங்க இருக்கான்னு சொன்னா வராம இருப்பாரா, வந்தாரு. ரூமைப் பார்த்தாரு, சுவத்துல இருக்கற சதுரத்தையெல்லாம் பார்த்தாரு, சுகந்திகிட்ட என்னமோ பேசினாரு. அப்பறம் என்கிட்ட வந்து, "மாப்பிள்ளை, அவ உள்ள இருக்கான்னு நீங்க நினைக்கறது நிஜம்னா, ஏன் இருக்கா தெரியுமா? நீங்க அவளைப் போகவே விடல. அன்னைக்கே சுவத்தை அடைச்சுட்டீங்க. இப்பவாவது அந்தச் சன்னலைத் திறந்து விடுங்க, அவ போகட்டும், பொண்ணும் பொழைக்கட்டும்"னாரு.

அவர் சொன்னதுல பாதி சரி. நானும் யோசிச்சேன். அன்னைக்கு நான் பாலாத்தங்கரையில நின்னுக்கிட்டிருந்தப்பவே இங்க ஏழுமலை அடைச்சு முடிச்சுட்டான். உடம்புதான் போச்சு. அவ உள்ளயே நின்னுட்டா. மிச்ச பாதியிலதான் எனக்கு ஒத்துப்போகல. சன்னலைத் திறன்னு சுலபமாச் சொல்லிட்டாரு. திறந்தா அவ போயிடுவா. போயிட்டா எனக்கு யார் இருக்கா? பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துடுவா. பிள்ளை உங்க பேரைச் சொல்லி வளரும். நான் இந்தக் கூடத்துல உக்காந்து அந்த ரூமைப் பார்த்துக்கிட்டிருந்தா, உள்ள அவ இருக்கான்னு ஒரு தைரியம். அதனால அவர் போனதும் அந்த மூலையில இன்னொரு பூச்சு பூசினேன். அதுக்கு மேல தகரம் வச்சு ஆணி அடிச்சேன். நேத்து சாயங்காலம் பூரா அந்த வேலைதான். சுகந்தி பார்த்துக்கிட்டே நின்னா. அதுக்கப்பறம்தான் உங்களுக்குப் போன் பண்ணியிருப்பா போல.

ஏன் எழுந்துட்டீங்க? மோர் அப்படியே இருக்கு. இருங்க, நான் இன்னும் கேக்கவே இல்ல. பொண்ணை இங்க விட்டுட்டுப் போங்கன்னு கேக்கத்தான் இவ்வளவும் சொன்னேன். வேற எங்கயும் இல்ல, அவ அம்மாகூடத்தானே இருக்கா.

சரி. சரிங்க. கையை எடுங்க, நான் தடுக்கல. உங்க மருமக, உங்க பேரப்பிள்ளை, கூட்டிட்டுப் போங்க, ஊரான் என்ன பேசினாலும் பேசட்டும். எனக்கு வருத்தம்தான், ஆனா விட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. நீங்களா அந்தக் கதவைத் திறக்காதீங்க, உங்களுக்குப் பழக்கம் இல்ல, விரியத் திறந்துடுவீங்க. நான் திறக்கறேன், ஒரு ஆள் நுழையற அளவுக்கு. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கறேன். நீங்க உள்ள போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கங்க, சுகந்தியைப் பையை எடுத்துக்கச் சொல்லுங்க, மூணு பேரும் ஒரே தடவையா வந்துடுங்க. வாசப்படியில நின்னு பேச வேணாம். போயிட்டு வர்றேன்னு சொல்றதெல்லாம் கூடத்துக்கு வந்தப்பறம் சொல்லட்டும். அம்சா கதவுகிட்டயேதான் நிப்பா. ஒரு சந்து கிடைச்சாப் போதும், பொண்ணு பின்னாலயே வந்துடுவா. அப்பறம் இந்த வெயில்ல அவளை நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?